நம் வானத்துக்கென்று ஒரு வருடச் சவால்: புதிதாக நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு

வானம் பார்க்கத் தொடங்கும் ஒருவர் இணையத்தில் தேடினால் முதலில் கையில் கிடைப்பது பட்டியல்கள். ‘குளிர்காலச் சவால்’, ‘வசந்தகாலச் சவால்’, ‘இந்த மாதம் பார்க்க வேண்டிய பத்து’ என்று விதவிதமாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை நியூயார்க், லண்டன் பக்கம் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே துருவ நட்சத்திரம் வானத்தில் பாதி உயரத்துக்கு நிற்கும். நமக்கோ அது சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் வெறும் 8 டிகிரி உயரத்தில்தான். பாதி வீடுகளில் எதிர்வீட்டுச் சுவரே அதை மறைத்துவிடும். மறுபக்கம், நாம் அகத்தியர் என்று சொல்லும் கனோபஸ் நியூயார்க்கில் உதிப்பதே கிடையாது. நமக்கு அது தை, மாசி மாதங்களில் மொட்டை மாடியில் நின்றாலே தெரியும். அவர்கள் ‘மிகக் கடினம்’ என்று குறிக்கும் பல பொருள்கள் நமக்கு எளிது.

பருவமும் அப்படித்தான். அங்கே கோடையில் இரவு சுருங்கிப்போகும். இங்கே வருடம் முழுக்க இரவின் நீளம் பெரிதாக மாறாது. சூரியன் மறைந்து ஒன்றே கால் மணி நேரத்தில் முழு இருட்டு வந்துவிடும். நமக்கு இடைஞ்சல் மேகம்தான். தை பிறந்ததிலிருந்து சித்திரை வரை நல்ல வானம். ஆனியிலிருந்து புரட்டாசி வரை இடையிடையே திறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. நம் சவாலை இந்தக் கணக்கில் போட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

நம் அட்சரேகையின் அருமை புதிதாகத் தெரிந்ததும் அல்ல. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆல்பா சென்டாரி ஒற்றை நட்சத்திரம் இல்லை, ஜோடி என்று கண்டார். 1867-ல் மதராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். இந்த இரண்டு நட்சத்திரங்களையும் லண்டனிலோ பாரிஸிலோ உட்கார்ந்துகொண்டு பார்க்கவே முடியாது.

முதலில் விதிகள்

சவால் என்றால் யாரோடும் போட்டி இல்லை. ஒரு பருவத்துக்கு ஐந்தாறு இலக்குகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நீங்களே வானத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தானாகத் திரும்பிக் காட்டும் கருவியோ, போனை வானத்துக்கு நேராகப் பிடித்தால் பெயர் சொல்லும் ஆப்போ அந்த நேரத்தில் வேண்டாம். ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளை மாலையிலேயே வீட்டுக்குள் பார்த்து, வழியை மனதில் ஏற்றிக்கொண்டு மாடிக்குப் போங்கள். பார்த்ததை அன்றைக்கே எழுதிவையுங்கள். கிடைக்காமல் போனால் அதையும் எழுதுங்கள். ‘மார்ச் 18, ஒன்பதரை மணி, தெற்கே புகைமூட்டம், கிடைக்கவில்லை’ என்ற ஒரு வரி அடுத்த முறை எப்போது முயலலாம் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்.

என்ன வாங்குவது?

முதல் மூன்று மாதம் எதுவும் வாங்காதீர்கள். அப்புறம் 10x50 அல்லது 7x50 பைனாகுலர் ஒன்று போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரவில் உதவுவது இரண்டாவது எண்தான், ஆகவே கையடக்க 8x21 வகை இதற்குச் சரிப்படாது. பைனாகுலரில் குறைந்தது ஒரு வருடம் பழகிய பிறகு தொலைநோக்கி வாங்கினால் எதை எங்கே திருப்புவது என்று குழம்ப மாட்டீர்கள். அப்போதும் பெட்டியின் மேல் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். கண்ணாடியின் விட்டம் ஐந்து, ஆறு அங்குலம் உள்ள டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி தரையில் ஆடாமல் உட்காரும், கையால் தள்ளித் திருப்பலாம், புதியவருக்கு அதுதான் தோது.

கருவியைவிட முக்கியம் கண். இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் போதும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குறிப்பெழுத டார்ச் வேண்டுமென்றால் அதன் வாயில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். இன்னொரு பழக்கம்: மங்கலானவற்றை நேராக முறைத்துப் பார்க்காதீர்கள். கொஞ்சம் பக்கத்தில் பார்வையை வைத்தால், மறைந்திருந்தது மெல்ல எழும்பி வரும். மங்கலான ஒளியை வாங்கும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் சுற்றிலும் இருப்பதால் இப்படி.

தினசரி காலண்டரே போதும்

வீட்டில் தொங்கும் தாள் கிழிக்கும் காலண்டர் வானம் பார்ப்பவருக்கு மிக நல்ல கருவி. திதியைப் பாருங்கள். தேய்பிறை சஷ்டியிலிருந்து வளர்பிறை சதுர்த்தி வரைக்கும் முன்னிரவு கிட்டத்தட்ட நிலா இல்லாமல் இருக்கும். மங்கலான பொருள்களுக்கு அந்த இரண்டு வாரம்தான் வேலை. மற்ற நாட்களில் இரட்டை நட்சத்திரம், கிரகம், நிலாவின் பள்ளங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து அதே தாளில் நட்சத்திரம் போட்டிருக்கும். ‘ரோகிணி’ என்றால் அன்றைக்கு நிலா ரோகிணி நட்சத்திரம் இருக்கும் பகுதியில் நிற்கிறது என்று பொருள். நிலா ஒரு நாளைக்குச் சுமார் 13 டிகிரி கிழக்கே நகரும். 27 பிரிவுகளும் அந்த அளவில்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே நிலாவை வழிகாட்டியாக வைத்தே பல நட்சத்திரங்களை அடையாளம் கண்டுவிடலாம். கார்த்திகை, ரோகிணி, புனர்பூசம், மகம், சித்திரை ஆகிய ஐந்தும் நிலாவின் பாதைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இந்த வழி நன்றாக வேலை செய்யும். கேட்டை அன்று நிலா, கேட்டை என்ற அந்தச் சிவப்பு நட்சத்திரத்தைக் கொஞ்சம் தாண்டிப் போயிருக்கும். சுவாதியும் திருவோணமும் நிலாவின் பாதையிலிருந்து வடக்கே ரொம்பத் தள்ளி இருப்பவை, அவற்றுக்கு இந்த முறை உதவாது. நட்சத்திரம் மாறும் மணியும் காலண்டரிலேயே இருக்கும். இரவு எட்டு மணிக்கு எது நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுதான் உங்கள் முதல் சவால்: ஒரு மாதத்துக்குள் நிலாவின் துணையோடு இந்த ஐந்தில் இரண்டையாவது கண்டுபிடித்து, அடுத்த வாரம் நிலா இல்லாதபோது மறுபடி தனியாக அடையாளம் காண வேண்டும்.

கூடவே கையால் அளக்கப் பழகுங்கள். கையை முழுக்க நீட்டி விரல்களை மடக்கினால் முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. சுண்டுவிரலின் அகலம் 1 டிகிரி. நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5. கீழே நான் சொல்லும் தூரமெல்லாம் இந்த முஷ்டிக் கணக்கில்தான்.

தையும் மாசியும்

இந்த இரண்டு மாதம்தான் வருடத்திலேயே தாராளமான காலம். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ஓரியன் என்ற வேட்டைக்காரன் மண்டலம் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். நடுவில் மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் இருப்பதை யாரும் தவறவிட முடியாது. வடகிழக்குத் தோளில் செம்மையாக இருப்பது திருவாதிரை, எதிர்மூலையில் வெள்ளையாக இருப்பது ரைஜல். மூன்று நட்சத்திர வரிசையை வடமேற்கே நீட்டினால் ரோகிணி, இன்னும் நீட்டினால் கார்த்திகை. தென்கிழக்கே நீட்டினால் சிரியஸ், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம்.

வெறும் கண்ணால் முதல் வேலை, கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்ப்பது. சங்க காலத்திலேயே அறுமீன் என்றார்கள். ஊருக்குள்ளிருந்து ஆறு எண்ணினாலே நல்ல வானம். இருட்டான கிராமத்தில் ஏழு, எட்டு கூடக் கிடைக்கலாம். பைனாகுலரில் திருப்பினால் பல டஜன் நட்சத்திரங்கள் பார்வைப் பரப்பை நிறைக்கும்.

அடுத்தது ஓரியன் நெபுலா, எம் 42 (‘எம்’ என்பது கீழே வரும் மெஸ்ஸியே பட்டியலின் எண்). இதில் அவசரம் வேண்டாம். மூன்று நட்சத்திர வரிசைக்குத் தெற்கே அரை முஷ்டி தூரத்தில் மங்கலாக ஒரு சிறு வரிசை தொங்கும். அதன் நடுவில் இருப்பது வெறும் கண்ணுக்கே கொஞ்சம் தெளிவில்லாமல் தெரியும். பைனாகுலரில் அது நட்சத்திரமில்லை, ஒளிப்படலம் என்று உறுதியாகும். ஐந்து அங்குலத் தொலைநோக்கியில் ஐம்பது மடங்குக்கு மேல் வைத்தால் நடுவே நாலு நட்சத்திரங்கள் நெருக்கமாகத் தெரியும், அவைதான் டிரப்பீசியம். அந்தப் படலம் முழுவதையும் ஒளிரவைப்பவை அவையே, அதிலும் முக்கியமாக ஒன்று. அங்கேயே பத்து நிமிடம் கண்ணை வைத்திருங்கள். முதல் நிமிடத்தில் சாம்பல் நிறத் திட்டாக இருந்தது, ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு பக்கமும் இறக்கை விரிக்கும். ஒரு பக்கத்தில் இருட்டு உள்ளே குடைந்து வருவது தெரியும். புகைப்படத்தில் இருக்கும் சிவப்பும் ஊதாவும் கண்ணுக்குத் தெரியாது, சிலருக்கு லேசான பச்சை தெரியும். நீங்கள் பார்ப்பது சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில், புது நட்சத்திரங்கள் இன்றைக்கும் பிறந்துகொண்டிருக்கும் இடம்.

மூன்றாவது அகத்தியர். சிரியஸ் தெற்கே நன்றாக உயர்ந்து நிற்கும்போது, அங்கிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்கு இது கச்சிதமாக அமையும். பிரகாசத்தில் சிரியஸுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆனால் சிரியஸ் 8.6 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, இது சுமார் 310. இத்தனை தள்ளி இருந்தும் இவ்வளவு ஒளி என்றால் உண்மையில் எவ்வளவு பெரிய நட்சத்திரம் என்று யோசித்துப் பாருங்கள்.

நாலாவது, எனக்கு மிகப் பிடித்தது: திருவாதிரையின் ஒளியை மதிப்பிடுவது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நட்சத்திரங்களின் பிரகாச எண் குறையக் குறைய ஒளி அதிகம். ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு என்ற இந்த அளவுகோலை 1856-ல் வகுத்தவர் நார்மன் போக்சன். பின்னாளில் மதராஸ் வானாய்வகத்தின் தலைவராக இருந்து இங்கேயே முப்பது வருடம் உழைத்தவர் அவர். ரோகிணியின் எண் 0.9, சிரியஸுக்கு வடகிழக்கே இருக்கும் புரோசியானின் எண் 0.4. இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, திருவாதிரை எதற்கு நெருக்கம் என்று முடிவு செய்து ஒரு எண் போடுங்கள். மூன்றும் உயரத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டும், தரைக்குப் பக்கத்தில் எல்லாமே மங்கும். சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும், ஆகவே சட்டென்று ஒரு பார்வைதான். வாரம் ஒரு தடவை போதும். 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரைக்கும் இந்த நட்சத்திரம் மங்கி, ரோகிணியைவிடத் தெளிவாகக் கீழே போனது. அதை வெறும் கண்ணாலேயே ஆயிரக்கணக்கானவர்கள் கவனித்துக் குறித்தார்கள். நட்சத்திரமே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி அதன் முகத்தை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

பங்குனியும் சித்திரையும்

வெயில் ஏறும், இரவில் மாடி சுகமாக இருக்கும். இந்தப் பருவத்தில் தென்வானம் திறக்கிறது. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் வானம் பார்ப்பவர் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்கலாம் என்றால் அது ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டமாக இருக்க வேண்டும்.

வழி இதுதான். வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வளைந்த வாலை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி, அதே வளைவில் மேலும் போனால் வெள்ளை நிறத்தில் சித்திரை. சித்திரை நட்சத்திரம் உச்சத்துக்கு வரும்வரை பொறுங்கள். ஏப்ரல் நடுவில் நள்ளிரவு, மே நடுவில் பத்து மணி, மே கடைசியில் ஒன்பது மணி. அந்த நேரத்தில் தெற்கே திரும்பி, சித்திரையிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். வேறு எந்தப் பக்கமும் விலக வேண்டாம், ஏனென்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தென்வடல் கோட்டில் இருக்கின்றன. மதுரையில் அது தொடுவானத்திலிருந்து மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே ஒரு மங்கிய நட்சத்திரமாகத் தெரியும். பைனாகுலரில் வட்டமான பனித்திட்டு. ஆறு அங்குலத் தொலைநோக்கியில் நூறு மடங்கு வைத்துப் பார்த்தால் அந்தத் திட்டு உடைந்து, கறுப்புத் துணியில் கோலமாவைத் தட்டிவிட்டது போல நட்சத்திரங்களாகிவிடும். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் கோடி நட்சத்திரங்கள் கொண்ட உருண்டைக் கூட்டம் இது, நம் பால்வெளியின் இவ்வகைக் கூட்டங்களிலேயே மிகப் பெரியது. சித்ரா பௌர்ணமியன்று மட்டும் முயலாதீர்கள், முழு நிலா அன்றைக்குச் சித்திரைக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

அதே நாட்களில் திரிசங்குவையும், அதாவது தென்சிலுவையையும், பார்த்துவிடலாம். நாலு நட்சத்திரம் சாய்ந்த சதுரமாக நிற்கும் அஸ்தத்திலிருந்து நேர் கீழே நாலு முஷ்டி. மே நடுவில் ஒன்பது மணிக்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும். அடி நட்சத்திரம் சென்னையில் 14 டிகிரி, கன்னியாகுமரியில் 19 டிகிரி உயரத்தில் இருக்கும். இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: மார்ச் மாதமே தெற்கே இதைவிடப் பெரிய, மங்கலான இன்னொரு சிலுவை தெரியும். அது போலிச் சிலுவை. உண்மையான சிலுவைக்குக் கிழக்கே ஆல்பா, பீட்டா சென்டாரி என்ற இரண்டு பளிச்சென்ற நட்சத்திரங்கள் பின்னாலேயே வரும். அவை இருந்தால்தான் திரிசங்கு. அந்த ஆல்பா சென்டாரிதான் ரிஷோ புதுச்சேரியிலிருந்து பிரித்துப் பார்த்தது. சிறு தொலைநோக்கியில் நூறு மடங்குக்கு மேல் வைத்து நீங்களும் பிரிக்கலாம், 4.4 ஒளியாண்டில் இருக்கும் நம் பக்கத்து வீட்டார் அவர்கள்.

தென்வானத்துக்கு இடம் தேர்வு செய்வதில் ஒரு யோசனை. உங்கள் ஊரின் வெளிச்சம் உங்களுக்கு வடக்கே இருக்கும்படி, அதாவது ஊருக்குத் தெற்கே போங்கள். சென்னைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே தள்ளிப் போனால் நகரத்தின் ஒளி முதுகுப் பக்கம் விழும். வயல், தோப்பு என்றால் உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பகலில் ஒரு தடவை போய் வரப்பு, கிணறு எங்கே என்று பார்த்துவையுங்கள். நடக்கும்போது மட்டும் நல்ல வெளிச்சம் வேண்டும். பாம்பு விஷயத்தில் சிவப்பு டார்ச்சை நம்பக்கூடாது.

வடக்கே இன்னொரு எளிய சோதனை காத்திருக்கிறது. கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வார்கள், பெரும்பாலும் பகலில். சித்திரை, வைகாசி இரவில் சப்தரிஷியின் வாலில் நடு நட்சத்திரத்தைப் பாருங்கள். வசிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியபடி மங்கலாக இருப்பதுதான் அருந்ததி. வெறும் கண்ணில் பிரிந்து தெரிகிறதா என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். தொலைநோக்கி இருந்தால் வசிட்டரே இரண்டாகப் பிரிவார்.

மெஸ்ஸியே மராத்தானையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சார்ல் மெஸ்ஸியே பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் வால்மீன் தேடியவர். வால்மீன் என்று தன்னைக் குழப்பிய மங்கலான திட்டுகளைப் பட்டியலிட்டார், பிற்காலத்தில் சேர்த்தவற்றோடு அது 110. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வரும் அமாவாசையில் அத்தனையையும் ஒரே இரவில் பார்க்க முயல்வதுதான் மராத்தான். 1985 மார்ச்சில் அரிசோனாவில் ஜெர்ரி ராட்லி முதல்முறையாக 110-ஐயும் முடித்தார். முதல் வருடத்தில் நீங்கள் இதைத் தொட வேண்டாம். அதே இரவில் பைனாகுலரோடு பதின்மூன்றுக்குப் போங்கள். இருட்டியதும் மேற்கிலிருந்து உச்சிப் பக்கம் வரைக்கும் எம் 45, எம் 42, எம் 41, எம் 35, பூச நட்சத்திரத்தில் இருக்கும் எம் 44. நள்ளிரவுக்குப் பின் எம் 3, எம் 5, எம் 13. கொஞ்சம் தூங்கி எழுந்து நாலு மணிக்குத் தென்கிழக்கே எம் 4, எம் 6, எம் 7, எம் 8, எம் 22. குளிர்காலத்தையும் ஆடி மாத வானத்தையும் ஒரே இரவில் பார்த்த மாதிரி ஆகும்.

ஆனியிலிருந்து புரட்டாசி வரை

தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் வந்து போகும். திட்டமிட்டுப் பயணம் போவது வீண், மாடியில் எப்போதும் தயாராக இருங்கள். மாலையில் இடிமழை பெய்து ஒன்பது மணிக்குத் திறந்தால் தூசி கழுவிய அருமையான வானம் கிடைக்கும். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பருவத்தில் மழை குறைவு என்பதால் அதிர்ஷ்டம் கூடுதல்.

இலக்கு ஒரே பகுதிதான்: விருச்சிகமும் தனுசும். ஜூலை நடுவில் ஒன்பது மணிக்குக் கேட்டை தெற்கே உச்சத்தில் இருக்கும். அதற்கு மேற்கே ஒரு சுண்டுவிரலுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் எம் 4 என்ற உருண்டைக் கூட்டம், பைனாகுலரில் மங்கல் வட்டம். தேளின் கொடுக்கில் இருக்கும் மூலத்திலிருந்து வடகிழக்கே நகர்ந்தால் எம் 7. தாலமி கிட்டத்தட்ட 1,900 வருடத்துக்கு முன் குறித்துவைத்தது இது, வெறும் கண்ணிலேயே தெரியும். ஐரோப்பாவில் இது தரையைத் தேய்த்துக்கொண்டு போகும், நமக்கு 40 டிகிரிக்கு மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் எம் 6. மேலே போனால் எம் 8, எம் 22. பைனாகுலரைக் கொடுக்கிலிருந்து மெதுவாக மேலே நகர்த்திக்கொண்டே போங்கள், நீங்கள் போவது பால்வெளியின் மையத் திசை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி

வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆகவே இரண்டே இலக்குகள். ஒன்று ஆண்ட்ரோமீடா, நம் பால்வெளியைப் போன்ற இன்னொரு அண்டம். நவம்பர் நடுவில் ஒன்பது மணிக்கு, பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து போடும் பெரிய சதுரம் தலைக்கு மேலே கொஞ்சம் மேற்கே சாய்ந்திருக்கும். அதன் வடகிழக்கு மூலையிலிருந்து கிழக்கே போகும் வரிசையில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரத்தில் நின்று, வடமேற்கே திரும்பி இரண்டு மங்கல் நட்சத்திரங்களைத் தாண்டினால் நீள்வட்டமான ஒளித்திட்டு. 25 லட்சம் ஒளியாண்டு. நகரத்திலும் பைனாகுலரில் கிடைத்துவிடும்.

இன்னொன்று ஜெமினிட் எரிகல் மழை, டிசம்பர் 13, 14 இரவு. ஃபேத்தான் என்ற சிறுகோள் விட்டுச்சென்ற துகள்களால் வருவது. ஆகஸ்டில் பெரிதாகப் பேசப்படும் பெர்சியட்டை விட நமக்கு இதுதான் தோது, ஏனென்றால் எரிகல் கிளம்பும் புள்ளி நம் தலைக்கு மேல் நன்றாக உயர்கிறது, அதுவும் இரவு இரண்டு மணி அளவில். பாயை விரித்து மல்லாந்து படுத்து, பொதுவாக மேல்வானத்தைப் பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கையைக் குறியுங்கள். மார்கழிப் பனியில் பைனாகுலர் கண்ணாடி மங்கினால் துடைக்காமல் உள்ளே கொண்டுபோய்க் காயவிடுங்கள்.

எதை எழுதுவது?

தேதி, மணி, இடம், வானம் எப்படி, எந்தக் கருவி, என்ன தெரிந்தது. இவ்வளவுதான். வானத்தின் தரத்துக்கு ‘நன்று’, ‘சுமார்’ என்று எழுதாமல், ஓரியனின் நாலு மூலைகளுக்குள் வெறும் கண்ணால் எத்தனை நட்சத்திரம் எண்ணினீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த வருடம் அதே மாடியிலிருந்து எண்ணினால் ஊரின் வெளிச்சம் கூடியதா என்று அதுவே காட்டும். தொலைநோக்கியில் பார்த்ததைப் பென்சிலால் ஒரு வட்டத்துக்குள் வரையுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. வரைய உட்கார்ந்தால் கண் இன்னும் பத்து நிமிடம் அங்கேயே நிற்கும், அதில்தான் பலன். திருவாதிரையைப் போன்ற மாறொளிர் நட்சத்திரங்களுக்கு நீங்கள் போடும் எண்களை அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் உலகம் முழுக்க இருந்து வாங்கிச் சேர்க்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை மங்கும் அல்கோல் என்ற நட்சத்திரத்தையும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் இதே முறையில் பிடிக்கலாம்.

எல்லாம் முடித்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று

பெரிய மெகல்லனிக் மேகம். நம் பால்வெளியைச் சுற்றும் குட்டி அண்டம், தென்கோளத்துக்காரர்களின் சொத்து என்று புத்தகங்கள் சொல்லும். கன்னியாகுமரிக் கடற்கரையில் அது 12 டிகிரி உயரம் வரை வருகிறது. இலங்கையின் தென்முனையில் 14. ஜனவரி கடைசியில் வரும் அமாவாசையை ஒட்டிய நாட்களில், இரவு ஒன்பது மணிக்கு, தெற்கே கடல் மட்டும் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். சுற்றுலாப் பகுதியின் விளக்குகளிலிருந்து நன்றாக விலகியிருக்க வேண்டும். அகத்தியரிலிருந்து கீழே, கொஞ்சம் வலப்பக்கமாக, இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவாக இறங்குங்கள். வெறும் கண்ணை நம்பாமல் பைனாகுலரை முக்காலியில் வைத்து, இடம் வலமாக மெதுவாக நகர்த்துங்கள். நகரும்போது பின்னணி ஒரு இடத்தில் மட்டும் லேசாக வெளுத்துத் தெரிந்தால் அதுதான். கடல் ஈரம் இருந்தால் கிடைக்காது. முந்தைய நாள் மழை பெய்து காற்று வடக்கிலிருந்து வீசும் இரவாகப் பார்த்து, குறைந்தது மூன்று இரவுகள் தங்கும்படி போங்கள்.